புதிய ஷெல்லும் காணாமல் போன மூன்றாம் பகுதியும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தங்கை வீட்டுக்காரர்மேல் எனக்கு இருந்த பொறாமையில் பிறந்தது. (பொறாமையை அடித்துவிட்டு 'ஆர்வம்' என்று போட்டுப் பார்த்தேன். இரண்டு முறை. நிற்கவில்லை.)

நான் தண்ணீர் மோட்டார் செய்கிற ஒரு கம்பெனிக்குக் கையேடு எழுதுகிறவன். 'மூடியைத் திறக்கும் முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்' என்று எங்காவது படித்திருக்கிறீர்களா? என் வாக்கியமாக இருக்கலாம். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். பதினொரு பேர் படிக்கிறார்கள், அதில் நாலு பேர் உறவு. மாப்பிள்ளையோ தன் வீட்டு மாடி அறையில் சம்பளமில்லாமல் உட்கார்ந்து பார்க்கிற வேலை, முகம் தெரியாத லட்சம் பேருடைய கணினிகளில் ஓடுகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கிற ஓர் இயங்குதளம் அது. அதில் ஷெல் என்ற பகுதிக்குப் பதினான்கு வருடமாக அவர்தான் பராமரிப்பாளர்.

ஷெல் என்றால் என்ன என்று நானும் ஒரு காலத்தில் கேட்டேன். ஆபீஸ் வாசலில் நிற்கிற பியூனை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிக் கொடுக்கிற சீட்டை வாங்கிப் படித்து, உள்ளே போய்ச் சொல்லி, வேலையை முடித்துக்கொண்டு வருகிறவர். எந்தப் பியூன் வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் வழக்கமாக ஒருவர் வந்து நிற்பார். அவர்தான் டீபால்ட் ஷெல். அந்தப் பழையவரை நகர்த்திவிட்டு, வேகமான, கறாரான புதியவர் ஒருவரை அங்கே நிறுத்துவதற்காக மாப்பிள்ளை இரண்டு வருடம் உழைத்தார்.

சும்மா. ஒரு நன்றிக்குக்கூட இல்லாமல். ஒருத்தர் இரண்டு வருடம் சும்மா உழைத்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? நல்ல மனுஷன் என்று தோன்றினால் நீங்கள் என்னைவிட நல்லவர். எனக்கு, இதில் ஏதோ இருக்கிறது என்றுதான் தோன்றியது. நான் பழக்கடையில் 'இனிப்பா இருக்கும் சார்' என்று சொன்ன பழத்தைத் தவிர மற்றதை எடுக்கிறவன்.

எனவே ஒரு கதை தொடங்கினேன். ஒரு பராமரிப்பாளன். புதிய ஷெல்லுக்குள் தனக்கு மட்டும் தெரிந்த ஒரு கதவை வைத்துவிடுகிறான். எல்லோர் வீட்டுக் கணினிக்குள்ளும் போய் வருகிறான். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது அந்தக் கதை அல்ல. அதன் இடிபாடு.

2

முதல் தொடக்கம்: 'அன்று காலை மழை பெய்து—' (பெய்யவில்லை. என் கதைகளில் எல்லாம் பெய்கிறது, போதும்.)

இரண்டாம் தொடக்கம்: 'பராமரிப்பாளனுக்கு ஒரு ரகசியம் இருந்தது.' (யாருக்குத்தான் இல்லை?)

மூன்றாம் தொடக்கம்: 'பொய் சொல்லும்போது அவன் காது மடலைத் தடவுவான்.'

இது நன்றாக இருந்தது. மாப்பிள்ளை காது மடலைத் தடவுகிறவர்தான், ஆனால் யோசிக்கும்போது. நான் ஒரு சொல்லை மட்டும் மாற்றினேன். கதை எழுதுகிறவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

சரி, இனி நடந்ததைச் சொல்கிறேன். ஷெல் மாறுவதற்குப் பத்து நாள் முன்னால், தங்கை வீட்டு மாடிப்படியில் மாப்பிள்ளை என்னை நிறுத்தினார்.

"மச்சான், அடுத்த சனிக்கிழமை அப்டேட்ல ஷெல் மாறுது. உங்க மெஷின்ல சொந்தமா ஸ்கிரிப்ட் எதாவது ஓடுதா?"

"நீங்க எழுதிக் குடுத்தீங்களே, அது ஒண்ணுதான்."

"அதை அப்படியே வச்சிருக்கீங்கல்ல?"

[இந்த இடத்தில் ஒரு வரி விட்டிருக்கிறேன். வேண்டுமென்றே. பிறகு வருகிறேன்.]

அந்த ஸ்கிரிப்ட் பற்றிச் சொல்ல வேண்டும். என்னிடம் இரண்டு ஃபோல்டர்கள்: 'வரைவு', 'முடிந்தது'. ஒரு வாரம் கை படாத வரைவு செத்த வரைவு என்பது என் கொள்கை. எனவே கணினியை அணைக்கும்போதெல்லாம், வரைவில் இருக்கும் ஒவ்வொரு கோப்பையும் பார்த்து 'இதை இந்த வாரம் தொட்டானா?' என்று கேட்கிற சின்ன ஸ்கிரிப்ட் (ஷெல் பியூனுக்கு ஒரே தடவை எழுதிவைக்கிற நிரந்தரச் சீட்டு) ஒன்றை மாப்பிள்ளையிடம் எழுதி வாங்கியிருந்தேன். தொட்டிருந்தால் அப்படியே விட்டுவிடும். இல்லையென்றால் அப்புறப்படுத்திவிடும்.*

(* நம்ப மாட்டீர்கள், ஆனால் இதனால் நான் நிறைய எழுதியிருக்கிறேன். பயம் நல்ல ஆசிரியர்.)

கதையின் ஒன்றும் இரண்டும் முடிந்துவிட்டன. அவற்றை 'முடிந்தது' ஃபோல்டருக்கு மாற்றிவிட்டேன். மூன்றாம் பகுதியில்தான் பராமரிப்பாளன் மாட்டிக்கொள்ள வேண்டும். அதை எழுதி எழுதித் திருத்திக்கொண்டே இருந்தேன். வரைவில் இருந்தது அது ஒன்றுதான்.

3

[காணவில்லை.]

4

சனிக்கிழமை அப்டேட் வந்தது. 'சரி' என்று தட்டினேன், முடிந்தது, கணினியை அணைத்தேன். ஞாயிறு காலை திறந்தால் வரைவு ஃபோல்டர் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. முதல் நாள் மாலைதான் அதில் ஒரு பத்தி சேர்த்திருந்தேன். ஒன்று இருக்கிறது, இரண்டு இருக்கிறது. பராமரிப்பாளன் மாட்டிக்கொள்கிற மூன்று மட்டும் இல்லை.

மதியம் தங்கை வீட்டில் சாப்பாடு. கோப்பு காணாமல் போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மாப்பிள்ளைதான் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சிரித்தார்.

"என்ன மச்சான், உங்க கதையில வர்ற ஆளு காது மடலைத் தடவுறானாமே?"

அந்த வரி இருந்த ஒரே இடம் மூன்றாம் பகுதி. (மேலே மூன்றாம் தொடக்கம் என்று சொன்னேனே, அதை அங்கேதான் கொண்டுபோய்ச் செருகியிருந்தேன்.) அதை யாருக்கும் நான் காட்டவில்லை. பாதிச் சாப்பாட்டில் தலைவலி என்று எழுந்து வந்துவிட்டேன், மூக்குக் கண்ணாடியைக்கூட அவர்கள் மேஜையில் மறந்துவிட்டு.

உங்களுக்கும் இப்போது சந்தேகம் வருகிறதல்லவா? வரட்டும். எனக்குத் துணை வேண்டும்.

திங்கட்கிழமை ஒரு பொறி வைத்தேன். 'மூன்றாம் பகுதி' என்ற பெயரிலேயே புதுக் கோப்பு ஒன்று. உள்ளே ஒரே வரி: 'பராமரிப்பாளன் திருடன், எனக்குத் தெரியும்.' வரைவில் போட்டேன், கணினியை அணைத்தேன். செவ்வாய் காலை பார்த்தால் அதுவும் இல்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் இன்னொரு டம்ளர் காபி போட்டுக் குடித்தேன். சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். பதினான்கு வருடமாக எல்லோரும் 'உங்க மாப்பிள்ளை மாதிரி உண்டா' என்று சொல்லிச் சொல்லி, அன்றைக்குத்தான் எனக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்தது.

அந்த இயங்குதளத்துக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல் போகிற பொது மடற்குழுவுக்கு எழுதினேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம்.

'உங்கள் ஷெல் பராமரிப்பாளர் என் கோப்புகளைத் திருட்டுத்தனமாகப் படித்து, தனக்குப் பிடிக்காததை அழிக்கிறார். நிரூபணம் என்னிடம் உள்ளது. அவர் எனக்கு உறவினர் என்பதால் மிகுந்த மனவேதனையுடன் எழுதுகிறேன்.'

மனவேதனை என்பது பொய். மற்றபடி நல்ல வாக்கியம்.

5

சம்பள ஊழியர் யாரும் இல்லாத அந்த இயங்குதள ஆபீசில் விதிகள் மட்டும் உண்டு. பராமரிப்பாளர்மேல் புகார் வந்தால் அவருடைய கையொப்ப உரிமை அன்றே நிற்கும். ஷெல்லில் எந்தத் திருத்தமும் அவர் ஒப்பமில்லாமல் வெளியே போகாது. மூன்றாம் நாள் மாலை ஆறு மணிக்கு ஓட்டெடுப்பு. தோற்றால் அவரும் வெளியே, அவர் கொண்டுவந்த மாற்றமும் வெளியே. அதற்குள் புகார் கொடுத்தவர் காரணம் சொல்லி வாபஸ் வாங்கினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இடைப்பட்ட நாட்களில் பராமரிப்பாளர் புகார் கொடுத்தவரிடம் அந்த விஷயம் பற்றி எங்கேயும் வாய் திறக்கக் கூடாது. செல்வாக்கு உள்ளவர் சாதாரண ஆளை மிரட்டக் கூடாது என்பதற்காக வைத்த விதி. ஆறு வருடத்துக்கு முன் அதை எழுதியவர் மாப்பிள்ளை.

இதையெல்லாம் நான் அப்போது படிக்கவில்லை. நாள் முழுக்கக் கையேடு எழுதுகிறவன், பிறர் எழுதிய கையேட்டைப் படிப்பதில்லை.

புதன்கிழமை மாலை கதவு தட்டும் சத்தம். மாப்பிள்ளை நின்றார், கையில் என் மூக்குக் கண்ணாடி, துடைத்துத் துணியில் சுற்றி.

"இதை விட்டுட்டு வந்துட்டீங்க."

"உள்ள வாங்க. நேருக்கு நேராவே கேக்குறேன். என் ஃபைலை அழிச்சீங்களா இல்லையா?"

அவர் காது மடலைத் தடவினார்.

"வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மேல என்ன வேணாலும் கேளுங்க மச்சான். இப்ப வேணாம்."

"ஏன்? 'இல்ல'ன்னு சொல்ல எத்தனை நேரம் ஆகும்?"

கண்ணாடியை என் கையில் வைத்தார். படியில் இறங்கியவர் பாதியில் திரும்பினார், என் தோளுக்கு மேலாக மேஜையைப் பார்த்தார்.

"மச்சான்... மெஷினை அணைக்காதீங்க. ரெண்டு நாளைக்கு அப்படியே ஓடட்டும்."

பார்த்தீர்களா? ஓடட்டுமாம். ஓடினால்தானே உள்ளே வரமுடியும்! அவர் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்தேன்.

மடற்குழுவில் யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: 'நிரூபணம் என்றீர்களே, இணையமே இல்லாமல் ஒருமுறை செய்து பார்த்தீர்களா? கோப்பு தப்பித்தால் உங்கள் பேச்சில் பொருள் இருக்கிறது.' கேட்டது நியாயம். அன்றே மூன்றாவது பொறி வைத்தேன்.* வரைவில் இன்னொரு புதுக் கோப்பைப் போட்டேன். கணினிக்கு வருகிற இணைய வயரைப் பிடுங்கிச் சுருட்டி மேஜை டிராயரில் பூட்டினேன், சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கணினியை அணைத்தேன்.

(* இரண்டாவது. எண்ணிக்கைகூடத் தப்பிப் போகிறது. என்னை நம்பும்போது பார்த்து நம்புங்கள்.)

வியாழன் காலை. வயர் டிராயரில் இருக்கிறது. சாவி பையில் இருக்கிறது. கோப்பு இல்லை.

நீங்களாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து யோசித்திருப்பீர்கள். எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: ஆக, கதவு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. நான் கற்பனை செய்த கதவையே அந்த மனுஷன் நிஜமாக வைத்துவிட்டார்.

6

இந்தப் பகுதியைத் தங்கை அழுகிற மாதிரி ஒரு முறை எழுதினேன். அவள் அழவில்லை. அடித்துவிட்டேன். போனில் அவள் குரல் வெறும் களைப்பாக இருந்தது.

"அண்ணா, உனக்கு வெக்கமா இல்ல?"

"நான் கேக்க வேண்டியதை நீ கேக்குறியா? என் மூணாம் பகுதியில இருந்தது அவருக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? அதுக்கு முதல்ல பதில் சொல்லு."

"நான்தான் சொன்னேன்."

"நீயா?"

"போன வாரம் உன் வீட்டுக்கு வந்தேன்ல. நீ டீ போடப் போயிட்டே, திரையில தொறந்தே கெடந்துச்சு. படிச்சேன். காது மடலைத் தடவுறது யாருன்னு எனக்குத் தெரியாதா? வீட்டுக்குப் போய் அவர்கிட்ட சொன்னேன். என்ன பண்ணாரு தெரியுமா? விழுந்து விழுந்து சிரிச்சாரு. 'மச்சான் கதையில எனக்கு ஒரு எடம் கெடச்சிருச்சு'ன்னு. அவன் திருடன்னு சொன்னேன். 'பரவாயில்ல, நல்லவனைப் பத்தி யாரு படிப்பா'ன்னாரு."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"மூணு நாளா தட்டு முன்னால உக்காந்துட்டு எழுந்திரிச்சுப் போறாரு. மாடி ரூமைத் தொறக்கவே இல்ல. உன்னைப் பத்தி நான் ரெண்டு வார்த்தை திட்டுனா, 'அவரை விடு, கதை போனா யாருக்கும் வலிக்கும்'ங்கறாரு. பதினாலு வருஷம் அண்ணா. எனக்கு ஜுரம் வந்தாலும் அந்த ஷெல்லுக்கு மருந்து குடுத்துட்டுத்தான் எனக்குக் குடுப்பாரு. அதைப் பிடுங்கிட்டா அந்த ஆளு என்ன பண்ணுவாரு?"

"அப்ப ஃபைல் எப்படிப் போச்சு? அதை அவர்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். 'நீ அவர்கிட்ட சொல்லுவே, அதனால உன்கிட்டயும் சொல்லக் கூடாது'ன்னுட்டாரு. அவரு எழுதுன விதியாம். நீ அவரை நம்ப வேணாம், என்னையும் நம்ப வேணாம். உன் மெஷினையே கேளு. அது யாருக்கும் சொந்தக்காரன் இல்ல."

போனை வைத்துவிட்டாள்.

கேட்டேன். கறுப்புத் திரையைத் திறந்து, அணைக்கும்போது தானாக ஓடுகிற அந்த ஸ்கிரிப்டைப் பட்டப்பகலில் என் கையாலேயே ஓட்டினேன். வரைவில் அப்போதுதான் போட்ட ஒரு வெற்றுக் கோப்பு இருந்தது. திரையில் ஒரே ஒரு வரி வந்தது. 'இப்படி ஒரு கட்டளை எனக்குத் தெரியாது.' கோப்பு போய்விட்டது.

இதற்கு முன்னாலும் ஒவ்வொரு தடவையும் அந்த வரி வந்திருக்கிறது. நான் கணினியை அணைக்கும் முன்பே திரையை அணைத்துவிடுகிறவன்.

7

இப்போது விட்ட வரி. மாடிப்படியில் மாப்பிள்ளை, "அதை அப்படியே வச்சிருக்கீங்கல்ல?" என்று கேட்டாரே, அதற்கு நான் சொன்னது:

"அப்படியேதான் இருக்கு. நான் எதுக்குத் தொடப் போறேன்?"

அவர் காது மடலைத் தடவிக்கொண்டு, "அப்படின்னா ஒண்ணும் பயமில்ல மச்சான்" என்றார்.

தொட்டிருந்தேன். இரண்டு இடத்தில். யார் எழுதிக் கொடுத்தாலும் திருத்தாமல் இருக்க என் கைக்குத் தெரியாது. அவர் எழுதிய கேள்வி நீளமாக இருந்தது. எங்கேயோ பார்த்த ஒரு சின்ன, அழகான கேள்வியை எடுத்து அங்கே ஒட்டினேன். அது பழைய ஷெல்லுக்கு மட்டுமே புரிகிற பாஷை. ஆனால் ஸ்கிரிப்டின் முதல் வரியோ 'வழக்கமாக யார் நிற்கிறாரோ அவரைக் கூப்பிடு' என்று சொன்னது. சனிக்கிழமை வரை பழையவர் வந்தார், புரிந்துகொண்டார். அதன்பிறகு புதியவர் வந்தார். கேள்வி அவருக்குப் புரியவில்லை. 'ஆம்' என்று பதில் வராததால், ஸ்கிரிப்ட் அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு, இந்த வாரம் யாரும் தொடாத கோப்பு என்று தீர்மானித்துவிட்டது.

இரண்டாவது திருத்தம் இன்னும் கேவலம். மாப்பிள்ளை எழுதியதில் கோப்பு அழியாது, 'ஓரம்' என்று ஒரு ஃபோல்டருக்குப் போய் உட்காரும். "அழிக்க வேணாம் மச்சான், என்னைக்காவது தேடுவீங்க" என்று சொல்லித்தான் அப்படி எழுதினார். 'ஒதுக்கி வை' என்றிருந்ததை 'அழி' என்று மாற்றியவன் நான். எழுத்தாளனுக்கு இரக்கம் கூடாது என்று எனக்கு அன்றைக்கு ஒரு திமிர்.

மூன்றாம் பகுதி வரைவில் கிடந்ததே ஏன் தெரியுமா? பராமரிப்பாளன் திருடன்தானா என்று எனக்கே நிச்சயமில்லை. ஒரு நாள் திருடனாக்குவேன், மறுநாள் விடுவிப்பேன். முடித்திருந்தால் 'முடிந்தது' ஃபோல்டருக்குப் போயிருக்கும், பிழைத்திருக்கும். கடைசியாக எழுதிய வாக்கியம் நினைவிருக்கிறது: 'அவர்கள் கேட்டார்கள். அவன் காது மடலைத் தடவிக்கொண்டே—'

மெஷினை அணைக்காதீங்க என்றார். தானே எழுதிய விதியைப் படியில் நின்று எனக்காக அரை அங்குலம் வளைத்தார். நான் அதை வைத்தே அவரைத் தூக்கில் போட்டேன்.

8

இன்று வெள்ளிக்கிழமை. மணி நாலே முக்கால். ஆறு மணிக்கு ஓட்டு. மடற்குழுவில் இதுவரை கருத்துச் சொன்னவர்களில் அவருக்கு எதிராக இருப்பவர்கள்தான் அதிகம். 'வயர் இல்லாமலே அழிந்தது' என்று வியாழன் காலை நான் போனிலிருந்து அவசரமாக எழுதிப் போட்ட வரியை எல்லோரும் எடுத்து எடுத்துக் காட்டுகிறார்கள். ஆம், அதையும் போட்டேன். தங்கை பேசுவதற்கு முன்னால். ஆறாம் பகுதியில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

முடிவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன.

அ. எழுத்தாளன் கடிதத்தை அனுப்புகிறான். மாப்பிள்ளை மாடி அறையைத் திறக்கிறார். உலகம் முழுக்கப் படிக்கிற இடத்தில் எழுத்தாளன் முட்டாளாகவும் பொய்யனாகவும் நிற்கிறான். தங்கை சாப்பிடக் கூப்பிடுகிறாள், ஒருவேளை.

ஆ. எழுத்தாளன் கடிதத்தை எழுதுகிறான், இன்னொரு முறை திருத்தலாம் என்று வரைவில் போட்டுவிட்டுக் கணினியை அணைக்கிறான். ஸ்கிரிப்டை அவன் இன்னும் சரிசெய்யவில்லை. மறுநாள் கடிதம் இருக்காது. 'நான் எழுதினேன், மெஷின் தின்றுவிட்டது' என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், அது உண்மையாகவும் இருக்கும்.

இ. எழுத்தாளன்

(இதை எழுதவே வரவில்லை.)

கடிதம் இதுதான்:

'செவ்வாயன்று நான் கொடுத்த புகாரையும் வியாழனன்று சேர்த்ததையும் வாபஸ் வாங்குகிறேன். என் கோப்பை அழித்தது என் ஸ்கிரிப்ட். அதைக் கெடுத்தது நான். ஷெல் மாறும் முன் பராமரிப்பாளர் என்னை நேரில் நிறுத்திக் கேட்டார். நான் பொய் சொன்னேன். அவர் என் எந்தக் கோப்பையும் தொடவில்லை. விதியைக் காப்பாற்றுவதற்காக, தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரு வார்த்தையையும் அவர் என்னிடம் சொல்லவில்லை. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.'

திருத்தவில்லை. ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. இப்போது அது வரைவு ஃபோல்டரில் இருக்கிறது. இந்தக் கதையும் அங்கேதான் இருக்கிறது. திரையின் ஒரு மூலையில் அனுப்பும் பொத்தான், இன்னொரு மூலையில் அணைக்கும் பொத்தான். டிராயரைத் திறந்து வயரை மாட்டிவிட்டேன், அது மட்டும் நிச்சயம்.

அனுப்பினாயா என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டால் 'அனுப்பினேன்' என்றுதான் சொல்வேன். மாடிப்படியில் நான் எப்படிப் பதில் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். நான் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் கடிதத்தின் நகல் ஒன்று இப்போது உங்களிடம் இருக்கிறது. அதை என் ஸ்கிரிப்ட் எட்டாது. மணி ஐந்து அடிக்கப் போகிறது. அந்த மடற்குழுவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று முன்பே சொன்னேன்.